ஜோசப்பின் ஓவர்டிரைவும் என் எக்ஸ்போர்ட் துணியும்

உங்களில் யாரிடமாவது பழைய ஜீப் இருக்கிறதா? இருந்தால் ஒரு வேண்டுகோள் — என்னை அதன் பக்கத்தில் விடாதீர்கள். நானே வந்து கெஞ்சினாலும் விடாதீர்கள்.

போன சனிக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. காரணம் நானேதான் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை. வீட்டில் கேட்கப்படும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடிகிறது, அது ஒன்றுதான் லாபம்.

முதலில் ஜோசப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பனியன் கம்பெனிக்குத் தையல் ஜாப் ஒர்க் செய்து தருபவர். நாசரேத் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் மனைவி ஸ்டெல்லாவோடு திருப்பூர் வந்து இறங்கி, யாருடைய கம்பெனியிலோ டெய்லராக உட்கார்ந்து, இன்றைக்குச் சொந்தமாகப் பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்டிருக்கிறார். குடிக்க மாட்டார். சீட்டு ஆட மாட்டார். அவருக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் அந்த ஜீப்.

மலை எஸ்டேட் ஒன்றில் கழித்துவிட்ட ஃபோர் வீல் டிரைவ் வண்டி. வயதில் எனக்கு அண்ணன். கியர் ராடு போக இன்னும் மூன்று லீவர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றுதான் ஓவர்டிரைவ்.

அது என்ன ஓவர்டிரைவ்? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஜோசப் சொல்லித்தான் தெரியும். இந்த மாதிரி வண்டிகள் மேடு ஏறப் பிறந்தவை. ஹைவேயில் ஐம்பதைத் தாண்டினாலே இன்ஜின் கதற ஆரம்பித்துவிடும். அதற்காகக் கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, கூடுதலாக ஒரு கியர் கொடுத்திருக்கிறார்கள். லீவரைத் தள்ளினால் வண்டி அதே வேகத்தில் போகும், இன்ஜின் மட்டும் நிதானமாகிவிடும். அந்தப் பெட்டிக்குத் தனி எண்ணெய். கியர் பாக்ஸில் எவ்வளவு ஊற்றினாலும் இதற்கு ஒரு சொட்டுப் போகாது. இது தெரியாமலோ, தெரிந்தும் சோம்பல் பட்டோ, எஸ்டேட்காரர்கள் அதைக் காயப்போட்டிருந்தார்கள். ஜோசப் வாங்கியபோது ஓவர்டிரைவ் ஊளைதான் இட்டது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல், கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மனுஷன் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். கோயம்புத்தூர் முழுக்க அலைந்து பேரிங் தேடினார். ஒரு சீல் கிடைக்காமல் அளவு கொடுத்துச் செய்து வாங்கினார்.

இவ்வளவு பாடும் எதற்கு? மாமனாருக்காக.

மாமனார் ஆசீர்வாதம் ஊர் ஊராக லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜீப் வாங்கிய சேதி கேட்டதும் ஃபோனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "ஏன் மருமவனே, பழைய இரும்புக் கடைக்காரன் ஒமக்கு வித்தானா, இல்ல நீரு அவனுக்கு விக்கப் போறீரா?"

அன்றைக்கு முடிவு செய்தார் ஜோசப். ஊர்க் கோயில் பண்டிகையில் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு அசனம் என்று பெயர். அந்த அசனத்துக்கு, பஸ்ஸில் இடிபட்டுப் போகாமல், சொந்த ஜீப்பில் போய் இறங்க வேண்டும். மாமனார் பார்க்க இறங்க வேண்டும். அதுவும் ஓவர்டிரைவ் போட்டு, சத்தமே இல்லாமல்.

இதில் நான் எங்கே வந்தேன்? யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன்.

பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு, ஓவர்டிரைவைப் பிரித்துப் புது பேரிங் போட்டுவிட்டார் ஜோசப். பல்சக்கரங்களைத் துடைத்து, மூடி, எண்ணெய் ஊற்றுவது மட்டும் பாக்கி. துடைப்பதற்கு நன்றாக வெளுத்த பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வைத்திருந்தார். எனக்கு அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. நாடு முழுக்க ஒர்க்‌ஷாப்பில் கை துடைப்பது எங்கள் ஊர் பனியன் வேஸ்ட்டில். எங்கள் ஊரிலேயே ஓடும் வண்டிக்குக் கிழிந்த வேட்டியா?

நேரே கம்பெனிக்குப் போனேன். ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் எடுத்து வந்தேன். சும்மா வேஸ்ட் இல்லை... பிரஷ்டு ஃப்ளீஸ்! குளிர் நாட்டுக் குழந்தைகளின் ஜாக்கெட்டுக்காக எங்கள் நிட்டிங் மெஷினில் ஓட்டிய துணி. வெளிர் நீலம். உள்பக்கம் பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும்.

ஜோசப் தொட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, இது பொசுபொசுன்னு இருக்கே. உள்ள ஒட்டிக்கிடாதா? நான் வேட்டியவே வச்சுக்கிடுதேனே."

"ஏனுங்க ஜோசப், கொழந்தைங்க ஒடம்புல போடற துணிங்க இது. உங்க கியருக்கு ஆகாதுங்களா?"

அவர் வேட்டியைச் சுருட்டி ஓரமாக வைத்தார். வேலை கொடுக்கிறவன் கொடுக்கும் துணியை யார்தான் வேண்டாம் என்பார்கள்? நான் அதை என் வாதத்துக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பல்லாக, இண்டு இடுக்கு விடாமல், அழுத்தி அழுத்தித் துடைத்துக் கொடுத்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிட்டிங் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொள்ளும், ஊசி உடையும் என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். "ஏர் புடிச்சு ஊதுனீங்களா இல்லையா?" என்று கேட்காமல் கம்பெனிக்குள் நுழைந்ததே கிடையாது. அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்தது? உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறபோது நாம் கொண்டுபோவது பெரும்பாலும் நம் பெருமையைத்தான். அறிவை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம்.

மூடியை மாட்டி, அளவு பார்க்கும் ஓட்டை வழியாகச் சொட்டும் வரை கியர் ஆயில் ஊற்றினார் ஜோசப். பல்லடம் வரை ஓட்டிப் பார்த்தோம். லீவரைத் தள்ளியதும் — அடடா! புதுக் கார் மாதிரி ஓடியது. ஜோசப்புக்கு வாயெல்லாம் பல். "அண்ணாச்சி, நீங்களும் அசனத்துக்கு வந்துதான் ஆகணும்" என்றார். எனக்கென்ன, துடைத்தவன் என்ற உரிமையில் சனிக்கிழமை விடிகாலையில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பின் சீட்டில் ஸ்டெல்லாவும், நான் பரிசாகக் கொண்டுபோன குழந்தைகள் ஜாக்கெட் பையும். நாசரேத் வெயிலுக்கு ஃப்ளீஸ் ஜாக்கெட்! அன்றைக்கு என் மூளை முழு லீவில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சாத்தூர் தாண்டும் வரை சொர்க்கம். அப்புறம் அடியிலிருந்து மெல்ல ஒரு முனகல். முனகல் ஊளையானது. கால் வைத்திருந்த தரை சுட்டது. எண்ணெய் கருகும் வாடை.

ஜோசப் சட்டென்று லீவரை இழுத்து ஓவர்டிரைவை விடுவித்தார். ஓரம் கட்டி, ஆறவிட்டுக் கிளப்பினோம். வேகம் ஐம்பதுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. அதற்கே இன்ஜின் போட்ட கூச்சலில் பக்கத்திலிருப்பவரிடம் பேசவே கத்த வேண்டியிருந்தது. காது போனது இங்கேதான்.

"எங்கப்பா இனிமே வருஷம் முழுக்க இதையே சொல்லிக்கிட்டு இருப்பாவ!" என்று பின்னாலிருந்து கத்தினார் ஸ்டெல்லா. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜோசப்பின் கை இறுகியது. அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லாமல், வழியெல்லாம் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி. எங்கள் சத்தம் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்கள்கூட உண்டு. "கதிரறுக்கிற மெஷினுன்னுல்லா நெனச்சேன்" என்றார் ஒருவர். எல்லாருக்கும் முன்னால், தோளில் துண்டோடு, மாமனார்.

ஜோசப் சாப்பிடப் போகவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். எண்ணெயை வடித்து, ஓவர்டிரைவின் அடிமூடியைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் இடத்திலிருந்த சின்னச் சல்லடையை வெளியே எடுத்தார். அதில் கனமாக ஒட்டியிருந்தது நீல நிறத்தில் ஒரு பஞ்சு வடை. அதைத் தாண்டி எண்ணெய் எப்படி ஏறும்?

"இதைத் தொடச்சு மாட்டுனது யாரு?" என்றார் மாமனார்.

"நாந்தான் மாமா." ஜோசப் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எந்த மாமனாரிடம் தலைநிமிர்ந்து நிற்கவேண்டுமென்று அத்தனை ஞாயிற்றுக்கிழமை மண்ணில் புரண்டாரோ, அந்த மாமனாரிடம், எனக்காக, கூசாமல் ஒரு பொய். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. "இல்லீங்க, நானுங்க. தப்பு என்னோடதுங்க" என்று முன்னால் போய் நின்றேன்.

மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆளுக மரியாதைய! மருமவன் செஞ்ச தப்ப மொதலாளி தன் தலையில போட்டுக்கிடுதாரு."

"அய்யோ, நெசமாலுமே நானுங்க. அவரு வேண்டாம்னுதானுங்க சொன்னாரு..."

"இருக்கட்டும் மொதலாளி, ஒங்க பெருந்தன்மை." சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். நான் பணிந்து பணிந்து பேசப் பேச எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது. ஜோசப்புக்குக் குறைந்துகொண்டே போனது. என் வாழ்நாளில் இவ்வளவு உண்மை பேசியதும் இல்லை, இவ்வளவு கேடு செய்ததும் இல்லை.

ஸ்டெல்லாதான் பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தார். பின் சீட்டிலிருந்த பையைப் பிரித்து, ஒரு ஜாக்கெட்டை எடுத்து வந்து, சல்லடைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அப்பா, கலரப் பாருங்க."

மாமனார் பார்த்தார். ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் தடவினார். சல்லடையிலிருந்த பஞ்சைக் கிள்ளித் தடவினார். நான் அவசரமாக, "பிரஷ்டு ஃப்ளீஸுங்க. எங்க கம்பெனியில ஓட்டுனதுங்க. ஜோசப் தைக்கறதெல்லாம் உள்பனியனுங்க, அவர்கிட்ட இந்தத் துணி ஒரு துண்டு இருக்காதுங்க" என்று சேர்த்துச் சொன்னேன். ஜாக்கெட் கை மாறிக் கை மாறிக் கூட்டம் முழுக்கப் போனது. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அப்புறம் யாரும் நிறுத்தவில்லை.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஓவர்டிரைவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லைத் தடவிப் பார்த்தார். "பேரிங்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீரு" என்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து ஜோசப்பிடம் நீட்டினார். "இந்தாரும். இதுல தொடையும்."

ஜோசப் அதை வாங்கி, வண்டிக்கு அடியில் மல்லாக்கக் கிடந்தபடியே, ஒவ்வொரு பல்லாகத் துடைக்க ஆரம்பித்தார்.

சல்லடையை டீசலில் கழுவி மாட்டி, வண்டியில் கேனில் வைத்திருந்த புது ஆயிலை ஊற்றி, இருவரும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றப் போனார்கள். மாமனார் முன் சீட்டில். நான் பந்தியில், தனியாக. சோறு நன்றாக இருந்தது.

திரும்பி வந்து இறங்கிய மாமனார் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வண்டி நல்லாருக்கு மருமவனே. ஊருக்குப் போறப்ப மொதலாளிய மட்டும் பஸ்ஸுல ஏத்திவிட்டிரும்."

ஏற்றிவிட்டார்கள்.