நயவுரையில் வந்த யானை

குறிஞ்சாக்கேணியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் சனூஸா சிறுவர் கதைகளும் எழுதுவார். பழுதாய்ப் போன தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். கடைக்கு வந்தவர்கள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்பார்கள். இவர் ஒரு நண்டுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் நூல் வெளியீட்டு விழா என்றால் நயவுரை என்று ஒன்று உண்டு. புத்தகத்தைப் புகழ்வதுதான் அதன் வேலை. வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை. சனூஸாவுக்கு மட்டும் அந்த நாகரிகம் தெரியாது. போன வருடம், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அன்ஸார் சேர் எழுதிய சிறுவர் நூலுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். முழுதாக வாசித்துவிட்டுப் போய், முயல் பக்கம் பக்கமாகப் புத்தி சொல்கிறது, பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்று மேடையிலேயே போட்டுடைத்துவிட்டார். அதன் பிறகு நயவுரைக்கு எவரும் அவரைக் கூப்பிடவில்லை.

இந்த வருடம் சனூஸாவின் புத்தகம் வந்தது. நயவுரைக்கு அவர் தேடிப்போய்க் கேட்டது அன்ஸார் சேரைத்தான். ஏன் இந்த வேண்டாத வேலை என்று எனக்கு எரிச்சல். கோபமுள்ளவர்தான் வரி விடாமல் வாசிப்பார் என்றார் சனூஸா. தன் கதைகளை ஒருவராவது உண்மையில் வாசிக்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் ஆசை.

சேர் பழிவாங்குவதைப் பார்க்க ஊரே முன்வரிசைக்கு வந்துவிட்டது. அவரோ அரை மணித்தியாலம் புகழ்ந்து தள்ளினார். இந்தக் கதைகளில் வரும் யானையைப் போல ஒரு யானையைத் தான் எங்கும் கண்டதில்லை என்றார். உண்மைதான். யானை அட்டையில் மட்டும்தான் இருந்தது, ஓவியர் தன் விருப்பத்துக்குப் போட்டது. உள்ளே யானையின் வால்கூட இல்லை. சபை கைதட்டியது. பொன்னாடைக்குள் சனூஸா வாடிப்போய் இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

ஏற்புரைக்கு எழுந்தவர் ஒரு பிரதியோடு நேரே சேரிடம் போனார்.

"சேர், உங்கட புத்தகத்த வாசிச்சிட்டுத்தான் நான் ஏசினனான். நீங்களும் வாசிச்சிட்டு ஏசுங்க."

ஏற்புரை அவ்வளவுதான். அவசரமாகத் தேநீர் பரிமாறினார்கள்.

அடுத்த கிழமை அன்ஸார் சேர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நான் தையலை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். நண்டு அதிகம் கதைக்கிறது, படங்கள் மங்கல், அட்டை பொய் சொல்கிறது என்று கொட்டித் தீர்த்தார். சனூஸா தலையாட்டிக்கொண்டே நின்றார். பிறகு சேரின் குரல் இறங்கியது. கடைசிக் கதையில் ஒரு சிறுமி, காணாமற்போன ஆட்டுக்குட்டியைத் தேடித் தனியாகத் தோணியில் போகிறாள். இருட்டுவதோடு கதை முடிந்துவிடும்.

"அந்தப் புள்ள வீட்ட வந்து சேர்ந்திச்சா இல்லையா? எனக்கு நித்திர கொள்ள ஏலாம இருக்கு."

குட்டியோடு வந்துவிட்டாள் என்றார் சனூஸா. அதை எழுதித் தொலைத்தால் என்ன என்று சீறிவிட்டு, சேர் நிம்மதியாக வெளியேறினார்.

சனூஸா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பஹ்மியா, ஒரு மனுசன் என்ட கதைய வாசிச்சிட்டார்."