சொர்ணம் வண்டியின் மூக்கு

லஸ் கார்னர் டாக்ஸி ஸ்டாண்டில் சொர்ணத்தின் காரைக் கண்ணால் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, காதே போதும். அவள் சாவியைத் திருகினால் கபாலி கோயில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிச் சாந்தோம் வரை போய்விட்டுத்தான் திரும்பும். சாந்தோம் என்பது வேண்டுமானால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மந்தைவெளி வரை நிச்சயம்.

சொர்ணம் அடையாற்று ஓரக் குடிசையில் பிறந்தவள். குடிசையைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்து எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்தபோது, பஸ்ஸுக்கு நின்றே பாதி ஆயுசு போய்விடும் என்று கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாராம் இன்ஸ்பெக்டர். தெருமுனை டீக்கடை வரை ரிவர்ஸிலேயே போய், அவருக்கு ஒரு டீ வாங்கிவந்து, சிந்தாமல் கையில் கொடுத்தவள் அவள்.

ஆனால் வண்டியின் சத்தம் அவள் கேட்டு வாங்கியதல்ல. அதை அவளுக்கு விற்ற வேளச்சேரிக்காரனுக்கு ரேஸ் கிறுக்கு. கம்பெனி வைத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜினை ஒட்டினாற்போல் ஒரு குட்டைக் குழாயும் அதன் நுனியில் சிவப்புக் காளான் மாதிரி ஒரு ஃபில்டரும் மாட்டியிருந்தான். ஷார்ட் ரேம் என்று அதற்குப் பெயர். பேரெல்லாம் பெரிய பேர்தான், அது குடிப்பதோ பானெட்டுக்குள் வேகும் அனல் காற்றை. காலி ரோட்டில் பறந்தால் தெரியாது. சைதாப்பேட்டை சிக்னலில் மூன்று சிவப்பு விழுந்துவிட்டால் உள்ளே அப்பளம் சுடலாம். சூட்டைக் குடித்த இன்ஜினுக்கு இழுவை போய்விடும், ஏற்றம் என்றால் முனகும்.

முனகுவதற்கு வாகாக வழியில் கத்திப்பாரா மேம்பாலம் இருந்தது. சொர்ணத்துக்குப் புதிதாக அமைந்த தினப்படிச் சவாரி சிதம்பரநாதன், ஓய்வுபெற்ற பௌதிகப் பேராசிரியர், நூற்றுப் பத்து கிலோ. காலை பத்து மணிக்கு மயிலாப்பூரில் ஏறி ஆலந்தூர் டியூஷன் சென்டரில் இறங்குவார். ஏசி இல்லையென்றால் அவருக்கு ஒரு சூத்திரமும் ஞாபகத்தில் நிற்காது. பாலம் ஏறும்போது மட்டும், இருக்கிற இழுவையை ஏசி தின்றுவிடாமல் இருக்க, சொர்ணம் ஓசைப்படாமல் அதை அணைத்துவிட்டு, இறக்கத்தில் போட்டுவிடுவாள். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சொல்லிவிட்டார்.

“இன்னொரு தரம் பாலத்து மேல ஏசி நின்னா, மறுநாள்லேருந்து நான் அம்மாசி வண்டியில போயிக்கறேன் சொர்ணம்.”

அம்மாசி அதே ஸ்டாண்டுக்காரன், அவளோடு ஆற்றோரத்தில் வளர்ந்தவன். சேதி அவன் காதுக்கு வர எத்தனை நேரம் ஆகும்?

“யக்கா, உன் வண்டி சத்தத்துல புலி, பாலத்தப் பாத்தா பூனை. சாருக்கு நான் சீட்ட தொடச்சி வெச்சிக்கினு கீறேன்” என்றான்.

நிலையான சவாரி என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். அதைப் போயும் போயும் அம்மாசிக்கா தாரை வார்ப்பது? கம்பெனி வைத்த அந்த ஃபில்டர் பெட்டியைத் தேடிக் காயலான் கடை காயலான் கடையாக அலைந்தாள், கிடைக்கவில்லை. கடைசியில் ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ் ஏசிகளுக்குத் தகரக் குழாய் அடிக்கும் மெஹபூப் அலியிடம் போய் நின்றாள். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

“அடுப்புக்குள்ள மூக்க விட்டுக்கினு ஓடுன்னா எப்டிம்மா ஓடும்?”

குழாயை நீட்டி, ஃபில்டரை வெளிக்காற்று புகும் முன்பக்கக் கம்பி ஜாலிக்கு நேர் பின்னால், ஹெட்லைட் உயரத்துக்குக் கொண்டுவந்து, இன்ஜின் சூடு அண்டாமல் நடுவில் ஒரு தகரத் தடுப்பும் வைத்தார். இன்னும் கீழே, பம்பர் பக்கம் வைத்தால் இன்னும் குளுமையாக வருமே என்று சொர்ணம் கேட்டாள். வரும்தான், ஆனால் ஐப்பசி மழையில் ரோட்டுத் தண்ணீரைக் குடித்து இன்ஜின் செத்துப்போகும், நம்ம ஊருக்கு இந்த உயரம்தான் சரி என்று சொல்லிவிட்டார் மெஹபூப் அலி.

மறுநாள் கத்திப்பாராவில் ஏசி மூன்றில் ஓட, பேராசிரியர் காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டார். இரண்டு வாரம் ராஜபாட்டை.

ஆயுத பூஜை வந்தது. இவ்வளவு நல்லபடியாக உழைக்கும் வண்டிக்குக் கஞ்சத்தனம் பார்ப்பாளா சொர்ணம்? தெற்கு மாட வீதியிலேயே தடித்த செவ்வந்தி மாலையாகப் பார்த்து வாங்கி, ஹெட்லைட்டுக்கு ஹெட்லைட் இறுக்கிக் கட்டினாள். யானைக்குப் போட்டிருந்தால் யானையே கொஞ்சம் தளர்த்தச் சொல்லியிருக்கும்.

அடுத்த நாள் விஜயதசமி. பேராசிரியர் பத்தரைக்குள் புது வகுப்பைத் தொடங்க வேண்டும் என்று, பூஜையில் வைத்த புத்தகக் கட்டுகளை முன்சீட்டில் அடுக்கிக்கொண்டு ஒன்பதரைக்கே ஏறிவிட்டார். தேனாம்பேட்டையில் வண்டி செருமியது. சைதாப்பேட்டையில் திணறியது. கிண்டி வந்தபோது பக்கத்தில் போன சைக்கிள்காரர் இவர்களை இரக்கத்தோடு பார்த்தார். எதிரே பாலம். பின்னால் ஏதோ சவாரியோடு அம்மாசி வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சொர்ணத்தின் விரல் ஏசி பொத்தானுக்குப் போனது. கண்ணாடியில் பார்த்தால் பேராசிரியரின் கண் அந்த விரல்மேலேயே இருந்தது.

விரலை எடுத்துக்கொண்டாள். முந்தாநாள் வரை ஓடிய வண்டிக்கு ராத்திரியோடு ராத்திரியாக என்ன கேடு வந்தது? மாலையைத் தவிரப் புதிதாக ஒன்றுமில்லையே! போன வருஷமும்தான் மாலை போட்டாள். ஆனால் அப்போது வண்டிக்கு மூக்கு உள்ளே இருந்தது. இப்போது மூக்கை முன்னால் கொண்டுவந்துவிட்டு, அவளே அதன்மேல் கூடைப் பூவை வைத்து அழுத்தியிருக்கிறாள்.

பாலத்துக்கு முன்பே ஓரம் கட்டினாள். இன்ஜினை அணைக்கவில்லை, ஏசியையும் அணைக்கவில்லை. மாலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பானெட்டைத் தூக்கினால், ஃபில்டர் முழுக்கச் செவ்வந்தி இதழ் அப்பிக் கிடந்தது. கை கையாக வழித்துப் போட்டாள். சரி, மாலையை என்ன செய்வது? சாமிக்குப் படைத்தது, அதுவும் விஜயதசமி, ரோட்டில் போடலாமா? டிக்கியில் கேஸ் சிலிண்டர், முன்சீட்டில் புத்தகம். பின்கதவைத் திறந்தாள்.

“கொஞ்சம் குனிங்க சார்.”

என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் மாலை அவர் கழுத்தில் விழுந்துவிட்டது. தாண்டிப் போன அம்மாசி ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, “இன்னாக்கா, மாப்ள அழைப்பா?” என்றான். சொர்ணம் பானெட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏசியை நான்கில் வைத்து மேலே ஏற்றினாள். பாலத்தின் உச்சியில் அம்மாசியையும் தாண்டினாள். குளிர் காற்றில் பேராசிரியரின் மார்பில் இதழ்கள் படபடத்தன.

பத்து இருபத்தெட்டுக்கு டியூஷன் சென்டர் வாசலில் வண்டி நின்றது. மாலையும் கழுத்துமாக இறங்கியவரைப் பார்த்துப் பிள்ளைகள் எழுந்து கைதட்டினார்கள். சென்டர் முதலாளி, இது தான் செய்திருக்க வேண்டிய மரியாதையோ என்று பதறி உள்ளே சால்வை தேடப் போனார். சிதம்பரநாதன் மாலையைக் கழற்றுவதாகவே இல்லை. இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கு வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்துடும்மா.”

“வந்துடறேன் சார்” என்ற சொர்ணம், அதற்குப் பிறகுதான் ஏசியை அணைத்தாள்.