ட்ரவுட் ஓடைக்குப் போன ஸ்ரீரங்கத்துக் கோழி இறகு

ட்ரவுட் மீன்பிடிக்க ஊட்டிப் பக்கம் எப்படிப் போவது என்று பலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். போன மாதம் போய்வந்தேன். சந்தோஷமான கட்டுரை வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள்.

போனது சம்பத்துக்காக. பொன்மலை ரயில் பணிமனையில் என்னோடு வேலை பார்ப்பவன், ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரன். மீன் வாசனையே ஆகாத வீட்டில் பிறந்து மீன்பிடிப் பைத்தியமாக முக்கொம்பு ஆற்றங்கரையில் அலைபவன். பிடிப்பான், தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். ட்ரவுட் மட்டும் இதுவரை வாய்க்கவில்லை. இந்த வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் இனி அதிகமாகத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த சீசனில் தூண்டில் கோல் அந்தக் கையில் நிற்காது. இந்த சீசனும் முடியும் தறுவாயில் இருந்தது.

நாங்கள் அனுமதி வாங்கிய ஓடையில் புழு, மாவு எதுவும் கூடாது. ஃப்ளை மட்டும்தான். அதாவது முள்ளில் இறகும் மயிரும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி. அதை எதனால் கட்டலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. வளர்ப்புக் கோழி இறகு, ஆட்டு மயிர், பட்டு நூல், ஜரிகை எல்லாம் சரி. ரப்பர், ஈயம், காட்டுப் பறவை இறகு கூடாது. வாசனை ஏற்றிய எதுவும் கூடாது. வாசனை இருந்தால் அது இரைதானாம்.

இறகுக்குப் பாலக்கரை போனோம். “கறி வேணாமா? இறகு மட்டும் போதுமாங்க?” என்று கோழிக்கடை பாய் எங்களை மேலும் கீழும் பார்த்தார். சேவலின் கழுத்து இறகாகப் பொறுக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. உப்பிலியபுரத்து நண்பர் ஒருவர் பச்சைமலைக் காட்டுக்கோழி இறகு தருவதாகச் சொன்னார். “ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கறேளா?” என்று சம்பத் கும்பிடு போட்டான். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோம்.

ஸ்ரீரங்கத்தில் அவன் மனைவி வைதேகி வாசலிலேயே மறித்தார். “கோழி இறகு ஆத்துக்குள்ள வரட்டும் அண்ணா. ஆனா மஞ்சத் தண்ணில அலசிட்டுதான். பச்சைக் கற்பூரம் போட்ட டப்பாலதான் இருக்கணும்.” பாவம், கணவனுக்காக அவர் இறங்கிவந்த தூரம் அது. நாங்களும் தலையாட்டினோம். பெருமாள் தீர்த்தத்தில் போடுகிற பொருள். அந்த ஊரில் அதை வாசனை என்று யார் நினைப்பார்கள்? நான் முள்ளைப் பிடித்துக்கொள்ள, சம்பத் நடுங்கும் கையால் கட்டினான். நூல் நழுவும், மறுபடி சுற்றுவான். பன்னிரண்டு ஃப்ளை கட்ட நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இங்கிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். வெளியூர் பஸ்ஸுக்கு இப்போது பஞ்சப்பூர் புது நிலையத்துக்குப் போக வேண்டும். பழைய ஞாபகத்தில் மத்தியப் பேருந்து நிலையத்தில் போய் நிற்காதீர்கள். ஊட்டியிலிருந்து ஓடைக்கு ஜீப்.

ஓடைக் காவலர் டப்பாவைத் திறந்தார். ஒரு ஃப்ளையை மூக்கருகே கொண்டுபோனார்.

“என்னங்க சார், பெருமாள் கோயில் மாதிரி மணக்குது?”

சம்பத் முகம் செத்துவிட்டது. ஓடைத் தண்ணீரிலேயே அலசினோம், வெயிலில் காய வைத்தோம், மறுபடி அலசினோம். மணம் போகவில்லை. வேறு ஃப்ளை வாங்க அங்கே கடை கிடையாது. காவலர் நல்ல மனுஷர்தான். “என் வேலை போயிரும் சார்” என்றார். அனுமதி அந்த ஒரு நாளுக்கு மட்டும். தெளிந்த தண்ணீரில் ட்ரவுட்கள் கண்ணெதிரே நின்றன. மாலைவரை கரையில் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அவன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் வைதேகி கதவைத் திறந்ததும், “கெடைச்சுதா?” என்று கேட்டார்.

“ஒண்ணு கெடைச்சுது. நல்ல பெரிசு. விட்டுட்டேன்” என்றான் சம்பத். அவர் முகம் மலர்ந்தது. “டப்பால கற்பூரம் தீர்ந்துடுத்தா? புதுசு போடட்டுமா?” என்று டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

போகிறவர்களுக்கு: இறகை வெறும் தண்ணீரில் அலசுங்கள். மஞ்சள், சாம்பிராணி, கற்பூரம் எதுவும் அண்டாத டப்பாவில் வையுங்கள். கிளம்புமுன் இந்த வாசனைகளெல்லாம் பழக்கமில்லாத ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் மூக்கை நம்ப முடியாது. வைதேகி இந்தத் தளத்தைப் படிப்பதில்லை. உங்களில் யாராவது உத்திர வீதியில் அவரைப் பார்க்க நேர்ந்தால், மீன் கிடைத்தது என்றே சொல்லுங்கள்.