ஸ்மார்ட் போர்டுக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கும் சாக்பீஸ் உடையும். இத்தனை வருட வேலையில் எத்தனை டப்பா உடைத்திருப்பேனோ, எனக்கே தெரியாது. அதனால் எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வரப்போகிறது என்றதும் தலைமையாசிரியர் முதலில் சொன்னது, "டீச்சர், இனிமே உங்க கோவத்துக்கு உடைக்க ஒண்ணும் கெடைக்காது" என்பதுதான்.

மதுராந்தகத்திலிருந்து வேடந்தாங்கல் போகும் வழியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஆசிரியர்கள் இரண்டே பேர். அவர் தலைமையாசிரியர், மிச்சமெல்லாம் நான். சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தார்கள், கேட் மட்டும் வரவேயில்லை. ஆடுகள் பிரேயருக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்கும். தலைமையாசிரியர் வருடா வருடம் கேட் வேண்டும் என்று எழுதுவார். வருடா வருடம் கேட்டுக்குப் பதில் ஒரு புதுத் திட்டம் வரும். ஒரு வருடம் அட்டை, ஒரு வருடம் பொம்மை, ஒரு வருடம் செல்போன் செயலி. நாங்கள் பயிற்சிக்குப் போய் வட்டமாக உட்கார்ந்து கை தட்டுவோம், பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். பிள்ளைகள் மட்டும் குறைந்துகொண்டே போனார்கள்.

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் இரண்டாவது ஆசிரியர் உபரி. உபரி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படி உபரியான என் தோழி ஒருத்தியை மாமல்லபுரத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு கடலோரப் பள்ளிக்குத் தள்ளிவிட்டார்கள். "வூட்டுக்கு வர்றதே பொடவ மாத்தத்தான்டி" என்று போனில் அழுவாள். இந்தக் கிராமத்தில் என் வேலையைப் பிடித்து நிறுத்தியிருந்தது ஒரே ஒரு ஆள். குட்டியானை ஓட்டுகிறவர். குட்டியானை என்றால் சின்ன சரக்கு வண்டி. அவருடைய மூன்று பெண்களும் எங்களிடம் படித்தார்கள். அவர்கள் போனால் நானும் போனேன்.

அவருக்கோ மெயின் ரோட்டுத் தனியார் பள்ளி மேல் ஒரு கண். "டீச்சர், அங்க டை கீது, வேன் கீது, தொட்டா ஓடற போர்டு கீது. இங்க இன்னா கீது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"நான் கீறேன்பா" என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். சாக்பீஸ்தான் உடைந்தது.

இந்த நிலையில்தான் எங்களுக்கும் போர்டு வந்தது. மதுராந்தகம் அலுவலகத்திலிருந்து ஏற்றி வர அவர் வண்டியையே பிடித்தேன். எல்லாம் கணக்குப் போட்டுத்தான். தானே ஏற்றி வந்த போர்டை விட்டுவிட்டு மனுஷன் போய்விடுவாரா என்ன? பிரசவத்துக்குப் போகிற பெண்ணை உட்கார வைத்து ஓட்டுவது போல ஏரிக்கரைப் பள்ளங்களில் உருட்டி உருட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். கம்பெனி ஆள் சுவரில் மாட்டி, விரலால் நான்கு கோடு இழுத்துக் காட்டி, வேலை செய்கிறது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் குட்டியானைக்காரர் வண்டியிலிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், தேங்காய். "புது வண்டி மாரிதானே டீச்சர். சும்மா வுடக் கூடாது" என்றார். போர்டுச் சட்டத்தின் நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அப்பினார். கொஞ்ச நஞ்சமா? உள் விளிம்பு வரை வழிந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் என் வேலை நிலைக்க அன்றைக்கு யார் எந்தச் சாமியைக் கும்பிட்டிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பாதி ஊர் வந்துவிட்டது. இஸ்திரி போட்ட புடவையில் நின்று போர்டில் ஒரு எழுத்து எழுதினேன். அது என் விரலை விட்டுவிட்டு மேல் மூலைக்கு நீளமாக ஒரு கோடு இழுத்தது. அழித்தேன். மறுபடியும் இழுத்தது. சரி போ என்று பறவைப் பாடத்தைத் திறந்தேன். கொக்கு பெரிதாகிக்கொண்டே போய்க் கடைசியில் அலகு மட்டும் தெரிந்தது. மூடப் பார்த்தால் கால்குலேட்டர் திறந்தது. அதை மூடினால் கடிகாரம். அப்புறம் யாரும் தொடாமலே குழந்தைப் பாட்டு ஒன்று முழுச் சத்தத்தில் கிளம்பியது.

"டீச்சர், போர்டுக்கு சாமி வந்துட்ச்சி!" என்றார் பின்வரிசையில் ஒரு அம்மா.

பக்கத்தில் இருந்தவர் எழுந்து கைகூப்பி, "யாரு வந்துகீதுன்னு கேளுங்கோ டீச்சர்" என்றார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமையாசிரியர் ஓடிவந்து ப்ளக்கைப் பிடுங்கினார்.

குட்டியானைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே, "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். திங்கக்கெழம வந்து மூணு பேருக்கும் டிசி வாங்கிக்கிறேன்" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

சனிக்கிழமையும் பள்ளி இருந்தது. போர்டு முன்னாலேயே நின்று ஹெல்ப்லைனுக்கு போன் போட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"மேடம், ஃப்ரேம்ல ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

"ஸ்டிக்கர், டேப், அழுக்கு?"

"காலையிலதான் தொடச்சேன். பளிச்சுன்னு இருக்கு."

"மூலைங்கள்ல பாருங்க மேடம்."

"மூலையில சந்தனம் குங்குமம்தான் இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"மேடம், அதான்" என்றாள். சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறதாம். எது மறைத்தாலும் விரல் என்று போர்டு நினைத்துக்கொள்ளுமாம். அடப்பாவி மனுஷா! அவள் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. சந்தனம் ஒட்டியிருக்கிற பொருள் என்று நம்மில் யாருக்குத் தோன்றும்? பீரோவில் இருக்கிறது, கரண்டு மீட்டரில் இருக்கிறது, மாவு மெஷினில் இருக்கிறது.

ஈரத்துணியோடு பக்கத்தில் போனேன். கை தானாக நின்றுவிட்டது. ஊர்க்காரர் வைத்த பொட்டை சர்ச்சுக்குப் போகிற டீச்சர் அழித்துவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மிச்சப் பிள்ளைகளும் கிளம்பிவிடும். துணியைத் தலைமையாசிரியரிடம் நீட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"நானா? பொண்ணுக்கு ஜாதகம் வந்துகினு கீது டீச்சர். இந்த நேரத்துல போய் பொட்ட அழிக்கச் சொல்றீங்களே!"

"சார், நீங்க சயின்ஸ் படிச்சவரு."

"அது வேற டீச்சர்."

திங்கள்கிழமை குட்டியானைக்காரர் சொன்னபடியே வந்துவிட்டார். சத்துணவு அம்மாவிடம் சொல்லி டீ வரவழைத்தேன். அமைதியாகத்தான் பேச நினைத்தேன், டம்ளரை நீட்டும்போதே வெடித்துவிட்டது.

"குடி. குடிச்சிட்டு டிசிய வாங்கிக்கினு போ. ஆனா போர்டுக்குச் சாமியும் வரல, பூதமும் வரல. நீ அப்பின சந்தனம்பா! நாலு மூலையிலயும் உன் கட்டவெரல் குந்திகினு என் பாடத்த கெடுக்குது!"

"இன்னா டீச்சர் சொல்றீங்க? பொட்டா?"

"பொட்டுதான். சனிக்கெழமயே தெரியும்."

"அப்ப ஏன் தொடைக்கல?"

"வெச்சது நீ. நான் எப்படி அழிப்பேன்? சாரும் மாட்டேன்னுட்டாரு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தோள்துண்டை நனைத்துக்கொண்டு போர்டு முன்னால் போய் நின்றார். "கோச்சிக்காத. எடம் மாத்தி வுட்டுர்றேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு நான்கு பொட்டையும் வழித்துக் கீழே சுவரில் அப்பினார். ப்ளக்கைச் செருகினேன். கொக்கு கொக்கின் அளவிலேயே நின்றது. அவர் கடைசிப் பெண்ணின் பெயரை ஒரு விரலால் மெதுவாக எழுதிப் பார்த்தார். கோடு எங்கேயும் ஓடவில்லை.

டிசி மூன்றும் மேஜையில் தயாராக இருந்தன. ரோஷத்தில் அவர் பக்கம் தள்ளினேன். "போர்டு சரியாயிட்ச்சின்னு நீ ஒண்ணும் எனக்காக இருக்க வேணாம்."

அவர் அவற்றைத் தொடவில்லை. கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஸ்கூலுக்கு ரெண்டு வாட்டி போனேன் டீச்சர். கேட்டாண்டயே நிக்க வெச்சி பேசி அனுப்பிட்டாங்க. அவங்க போர்டு எந்த செவுத்துல கீதுன்னுகூட நான் பாத்ததில்ல. இங்க போர்டயே கெட்த்து வெச்சிட்டேன். நீங்க டீ குட்த்துகினே திட்றீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது தெரியக் கூடாதென்று, "டீ ஆறிப்போச்சு, குடிப்பா!" என்று அதற்கும் ஒரு அதட்டல் போட்டேன். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஆயுத பூஜைக்குக் கிண்ணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். "செவுத்தோட நிறுத்திக்க!" என்று வாசல் வரை போய்க் கத்தினேன்.

அடுத்த மாதம் பள்ளிக்கு என்ன தேவை என்று அலுவலகத்திலிருந்து கேட்டு வந்தது. தலைமையாசிரியர் வழக்கம்போல கேட் என்று எழுத ஆரம்பித்தார். "ஆள வெளிய நிக்க வெச்சிப் பேசவா சார் கேட்டு?" என்று நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.