டிரம் தண்ணீரை இழுக்குமா?

எங்கள் வெள்ளை அம்பாசிடருக்கு அம்மை போட்டது என் வீட்டுக்காரரால்தான். அதை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு தடவை எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மலைமேல் பள்ளங்கி கிராமத்தில் எங்களுக்குப் பூண்டும் கேரட்டும் போடுகிற கொஞ்சம் நிலம் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழித்து, யாரோ ஓட்டித் தேய்த்த அம்பாசிடர் ஒன்றை வாங்கினோம். என் பிறந்த வீடு, அவர் வீடு இரண்டிலும் அதுதான் முதல் கார். வாங்கச் சொன்னது நான். சீசன் இரண்டு மாதமும் அவர் டூரிஸ்டுகளை ஏற்றினார். மற்ற நாட்களில் சாயங்காலம் தோட்டத்து மூட்டைகளை ஏற்றினார். பகலெல்லாம் கார் வாசலில் சும்மா நின்றது. சும்மா நிற்கிற வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டத்தானே வேண்டும், விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தார். அய்யம்பாளையத்தில் ஓர் ஆளைப் பேசியும் வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் டவுனில் ஒரு பள்ளிக்கூடம் எங்கள் பக்கத்து எஸ்டேட் பங்களாக்களிலிருந்து நான்கு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு கார் தேடியது. வருஷம் முழுக்க ஓட்டம். அது கிடைத்தால் கார் எங்களுக்கு, இல்லையென்றால் அய்யம்பாளையத்துக்கு.

காரைக் காட்டப் போகிற அன்று காலையில் அவர் கார் கழுவ எதை எடுத்தார் தெரியுமா? தோட்டத்துக்கு மருந்தடிக்கிற இன்ஜின் ஸ்பிரேயரை. எங்கள் ஊரில் எதைக் கழுவுவதென்றாலும் அதைத்தான் இழுத்து வருவோம். மாட்டுக்கொட்டகை, கேரட், ஏர், எல்லாவற்றுக்கும் அதுதான். முந்தின நாள்தான் உருளைக்கிழங்குக்கு அதில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருந்தார். அலசி வையுங்கள் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். கிளம்பும்போது கார் பளிச்சென்றுதான் இருந்தது. போகிற வழியில் காய்ந்து, பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது பானெட்டிலிருந்து டிக்கி வரைக்கும் நீலப் புள்ளி. வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, வண்டிக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டாராம். ஆனாலும் நல்ல மனுஷர். அடுத்த திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஒரு பொட்டு அழுக்கில்லாமல் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். அன்றைக்கு மட்டுமில்லை, தினமும் அப்படியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

டவுன் டாக்ஸி ஸ்டாண்டில் டிரைவர்கள் ஒரு வாரத்துக்கு வேப்பிலை வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். இவரோ சுண்ணாம்பு கம்பெனிக்காரனைத் திட்டினார், மேகத்தைத் திட்டினார், தன்னை மட்டும் திட்டவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் கோபத்தைக் காட்ட நேரமில்லை. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கத் தெரிந்தவளுக்கு அம்மைத் தழும்பு ஒரு பெரிய வேலையா? புளியைத் தண்ணீராகக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் நனைத்து, இரண்டு நாளில் ஒரு புள்ளி விடாமல் எடுத்தேன்.

ஆனால் தினசரிக் கழுவலுக்கு என்ன செய்வது? மருந்தடிக்கிற ஸ்பிரேயரை இனிக் கார் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சாயங்காலம் மூட்டை ஏற்றத் தோட்டத்துப் பாதையில் இறங்கினால் மட்கார்டுக்குள் செம்மண் அப்பிக்கொள்ளும். வாளியும் துணியும் அந்த இடத்துக்குப் போகாது. டவுனில் வாட்டர் சர்வீஸ் திறப்பதே ஒன்பது மணிக்கு. வீட்டிலேயே வைத்துக் கழுவுகிற மெஷின் ஒன்று வேண்டும், அதுவும் நம் கைக்கு அடங்குகிற விலையில் வேண்டும். இரண்டு பேரும் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு இறங்கினோம்.

கடையில் முதலில் காட்டியது வெளிநாட்டு மெஷின். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது, விலையும் அப்படித்தான். தண்ணீர் வேகமாக வரும் குழாயில்தான் அதை மாட்ட வேண்டுமாம். எங்கள் வீட்டில் குழாயே இல்லை, ஊற்றுத் தண்ணீரை டிரம்மில்தான் பிடித்து வைப்போம். அடுத்தது ஒரு பெரிய மெஷின், விலை மலிவு. என் வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதுதான். பேரிக்காய் மரத்துக்கு மருந்தடிக்கிறவன் புத்தி வேறு எங்கே போகும்? கடைக்காரர் உற்சாகமாகிப் பின்வாசலில் வைத்து அடித்துக் காட்டினார். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் உரிந்து விழுந்தது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ எங்கள் காரின் பெயிண்ட்தான் கண்ணுக்குள் நின்றது. ஏற்கெனவே இரண்டு தடவை அடித்த பெயிண்ட் அது.

டிரம் தண்ணீரை இழுக்குமா என்று கேட்டேன். கேட்டது நான், கடைக்காரர் பதில் சொன்னது என் வீட்டுக்காரருக்கு. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஓடுமா என்று கேட்டேன். அதற்கும் அவரைப் பார்த்தேதான் பதில். எங்கள் ஊர் கரண்டில் பல்பு பழுத்த மிளகாயாகத்தான் எரியும் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது.

அப்புறம் நான் அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றைக் குனிந்து பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் செய்தது. குட்டையாக, அழகில்லாமல் இருந்தது. எங்கள் ஊர் கரண்டுக்கும் ஓடுகிற சின்ன மோட்டார். வீட்டுச் சாவியால் அதன் பம்ப்பைச் சுரண்டினேன். பெயிண்டுக்குள்ளே துருப்பிடிக்காத பித்தளை மின்னியது. கடைக்காரர் பதறிப்போய் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இருந்த வாஷர் எங்கள் ஸ்பிரேயருக்கு நான் மாற்றுகிற அதே அளவு வாஷர். வத்தலக்குண்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். டிரம்மில் போட ரப்பர் குழாயும் இருந்தது. வெளிநாட்டு மெஷின் விலையில் பாதிகூட இல்லை.

"இதத்தான் எடுக்கணும்" என்றேன். "இது போஸ்டரக்கூட உரிக்காதே" என்றார் அவர்.

"நமக்குச் சோலி கார் கழுவுறதுங்க. போஸ்டர் கிழிக்கிறது இல்ல."

திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து, பனியில் கை விறைக்க, டிரம்மில் குழாயைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். மோட்டார் உறுமியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. திரும்பத் தட்டினேன். உறுமல்தான். காரோ மட்கார்டு வரைக்கும் செம்மண்ணோடு நின்றது.

"பெருசா எடுக்கச் சொன்னேன், கேட்டியா? இந்தா, சும்மா கெடக்கு. அய்யம்பாளையத்து ஆளு நாளைக்கே வந்துருவான்" என்றார். கார் வாங்கச் சொன்னது நான், மெஷினை எடுத்ததும் நான். கார் போனால் என் வாக்கும் அதோடு போகும்.

மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து காது கொடுத்தேன். இந்த உறுமல் எனக்குத் தெரிந்த உறுமல். தோட்டத்து மோட்டாருக்குக் காற்றுப் பிடித்தால் இப்படித்தான் கத்தும். சுவிட்சை அணைத்தேன். "டிரம்மத் தூக்கி அந்தக் கல்லுக்கட்டு மேல வைங்க, வெரசா" என்றேன். தண்ணீரைக் குடங்களில் இறைத்துவிட்டு, டிரம்மைத் தூக்கி வைத்துத் திரும்ப நிரப்பினார். குழாயில் செம்பால் தண்ணீர் ஊற்றி நிரப்பி, வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, மெஷினில் மாட்டி, மறு முனையை டிரம்முக்குள் விட்டேன். மறுபடி சுவிட்ச். இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மட்கார்டுக்குள்ளிருந்து செம்மண் கட்டி கட்டியாக விழுந்ததைப் பார்க்க அப்படி ஒரு சந்தோஷம். தண்ணீர் பீய்ச்சுகிற துப்பாக்கியை அவர் கேட்டார். நான் தரவில்லை.

அன்றைக்கு நானும் காரில் ஏறிக்கொண்டேன். மேனேஜர் சுற்றிவந்தார். கதவிடுக்கைப் பார்த்தார். பிறகு மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவி விரலைப் பார்த்தார். விரலில் தண்ணீர்தான் இருந்தது.

"எந்த வாட்டர் சர்வீஸ்ல விட்டீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தானே எல்லாம் செய்ததாக ஏதாவது அளப்பார் என்று நான் வெளியே பார்த்துக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"வீட்டுலதான் சார். மெஷின் இவங்க பாத்து எடுத்தது, கழுவுனதும் இவங்கதான். அன்னைக்கு அம்மை போட்டதுதான் சார் நான்."

மேனேஜர் சிரித்துவிட்டு, நாளையிலிருந்து ஏழு மணிக்கு முதல் பங்களாவில் நிற்க வேண்டும் என்றார். திரும்பும்போது இவர் ஸ்டாண்டு வழியாக மெதுவாக ஓட்டினார். நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, டிரைவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன். வேப்பிலை வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

டெலிபோன் பூத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். அய்யம்பாளையத்து ஆளுக்குப் போன் போட்டு, கார் விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். யார் பேசுகிறது என்று கேட்டார். கார்க்காரி பேசுகிறேன் என்றேன்.