ஜோதிலட்சுமி போடாத கையெழுத்து

அனுமந்தன்பட்டியில் ஜோதிலட்சுமிக்கு ஒரு திராட்சைத் தோட்டம் உண்டு. அவளுடைய அப்பா அவள் பேரிலேயே எழுதிவைத்த நிலம். கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் பந்தலைக் காப்பதும் அவள்தான். கணவன் ராஜபாண்டி பழத்தைக் கேரளாவுக்கு ஏற்றிவிடும் வியாபாரி.

போன வருடம், மலையடிவாரத்தில் அணுமின் நிலையம் வரப்போவதாக ஒரு பேச்சு கிளம்பியது. அதை நம்பி நிலம் வாங்கவந்த ஜோயல் என்ற தரகர், ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார். ஆண்களுக்கு ஒரே உற்சாகம். மோட்டாருக்குத் தடையில்லாத கரண்ட், பையன்களுக்கு வேலை என்று பேசிக்கொண்டார்கள். பின்னால் நின்ற பெண்களுக்குக் கிணற்றுத் தண்ணீரும் வயிற்றுப் பிள்ளையும்தான் கவலை. அவர்களில் ஜோதிலட்சுமி மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்.

"எரிச்சு முடிச்ச கழிவ எங்கன கொண்டுபோயி வைப்பாக?"

ஜோயல் வாயெடுப்பதற்குள் ராஜபாண்டி முந்திக்கொண்டான். "குக்கர் விசிலுக்கே அடுப்படிய விட்டு ஓடுறவ. இவளுக்கு அணு உலை வெளக்கம் வேணுமாம்."

மண்டபமே சிரித்தது. அவளுடைய தம்பி அருண்பாண்டியும் சிரித்தான்.

அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தோட்டத்தைக் கொடுத்துவிடலாம் என்று ராஜபாண்டி சொன்னபோது, "உங்க இஷ்டம்" என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சொல்லச் சொல்ல அவளுக்கு உள்ளே இனித்தது. இன்னும் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று காத்திருந்தாள்.

பத்திரப் பதிவன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உத்தமபாளையம் போனாள். சாட்சிக்குத் தம்பியை அவளே வரச்சொல்லியிருந்தாள். சார்பதிவாளர் வழக்கம்போல், "முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்க சார். எங்க வீட்டுக்காரவுகளா முடிவு பண்ணுனாக. என்னைய யாரும் கேக்கல."

ராஜபாண்டிக்கு முகம் வெளிறியது. குனிந்து அவள் காதோரம், "மானம் போகுது ஜோதி. போட்டுரு" என்றான்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "விசிலுக்கே ஓடுறவ நான். இம்புட்டுப் பெரிய காரியத்துல எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

அருண்பாண்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். ஜோயல் எழுந்து போய்விட்டார்.

மின்வாரியத்தில் இன்ஜினியராக இருக்கும் மகள் நதியா, சேதி கேட்டுத் தேனியிலிருந்து வந்தாள். "நான் படிச்ச வரைக்கும் அணு உலை நீ நெனைக்கிற அளவுக்கு ஆபத்தில்லம்மா. கழிவையும் பத்திரமா வைக்க வழி இருக்கு."

"இருக்கட்டும். அதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாகன்னா, நானே போட்டிருப்பேனோ என்னமோ."

"அப்பா பாவம்மா. வெளிய போகவே கூசுறாக."

"கூசட்டும்" என்றாள் ஜோதிலட்சுமி.

அந்த நிலையப் பேச்சு மழைக்காலத்தோடு அடங்கிப்போனது. ஒருநாள் சாப்பிடும்போது ராஜபாண்டி தட்டைப் பார்த்தபடியே, "நெசமாவே ஒனக்கு அதுல என்ன பயம்?" என்று கேட்டான்.

அவள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.