எருக்குழியில் போட்ட பிரம்மதண்டு

கோமதி அக்கா, இப்போதாவது யாரையும் திட்டாமல் இருக்கிறாயா? இருக்க மாட்டாய்.

சிங்கவரத்தில் எங்கள் நிலத்து வரப்பில் அந்த முள்செடி வந்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் பூ, வெள்ளைக் கோடு போட்ட இலை. நைனா அதைக் காட்டுக் கத்திரி என்றார். அம்மா மூலிகை என்றாள். அக்கா தண்டை ஒடித்துக் காட்டினாள். மஞ்சளாகப் பால் வடிந்தது.

"பிரம்மதண்டு நைனா. காய் வெடிச்சா கடுகாட்டம் கொட்டும். புடுங்கிக் கொளுத்திடு."

நைனா பிடுங்கினார். கொளுத்தவில்லை. எதையும் வீணாக்காத மனுஷன், அத்தனையையும் காயோடு எருக்குழியில் போட்டார். "மக்கினா நல்ல எரு. நீ இன்னா பெரிய ஆபீசரா?" என்று சிரித்தார்.

மார்கழியில் அந்த எருவைத்தான் நிலம் முழுக்க இறைத்து வேர்க்கடலை போட்டோம். செடி மக்கியிருந்தது, விதை மக்கவில்லை. வரப்பில் மட்டும் இருந்த முள், தை மாதம் நிலம் நெடுக முளைத்தது. களையெடுக்க வந்த பெண்கள் இறங்கவே இல்லை.

"முள்ளுக்கு நடுவுல கடல போட்டுக்கீறியே அண்ணே! இதுக்கு நூறு நாள் வேலைக்கே போயிடுவோம்" என்று சொல்லிவிட்டு ஒரு அம்மா நடையைக் கட்டினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

மாசிக் கடைசியில் அக்காவுக்குக் கல்யாணம். அவளோ கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிலத்தில் கிடந்தாள். முழங்கை வரை கீறல்.

"கையப் பாரு, மாப்ள பயந்துடப் போறான்" என்றார் நைனா.

"அப்ப நீ எறங்கு!"

இறங்கினார். அக்கா என்னையும் விடவில்லை. "பூவ இன்னாத்துக்கு மோந்துகினு கீற, எரும? காய் வெக்கறதுக்குள்ள புடுங்கு!"

கல்யாணத்துக்கு முதல் நாளும் அவள் நிலத்தில்தான் இருந்தாள். ஒரு ஓரம் இன்னும் பாக்கி. அம்மா வந்து, "விட்றீ, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"நீ பாத்துப்ப! குனிஞ்சா எழுந்துக்க முடியல, நீ பாத்துப்ப!"

அம்மா மேலேயே எரிந்து விழுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நாளை மறுநாளிலிருந்து வீட்டில் சத்தம் இருக்காது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அவள் விட்டுப்போகிற ஒவ்வொரு செடிக்கும் அம்மாதான் குனிய வேண்டும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை, போய்விட்டாள். இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் எங்கள் அக்காவுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி.